செவ்வாயின் ஏரிகள் எத்தனை காலம் நின்றன?

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நெருங்கி நிற்கும் நிலத்துக்கு அடியில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிப்பாறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தில் நீருக்கடியில் மெல்லப் படிந்த சேறு அது. அதன் ஏடுகளைப் பிரித்தால் இலைகளின் தடங்களும், சில இடங்களில் கடல் உயிரினங்களின் எச்சங்களும் அகப்படுகின்றன. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பதோ முற்றிலும் வேறான பாறை. சார்னோக்கைட் எனப்படும் அந்தக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. மழையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அதனிடம் கேட்டறிய ஒன்றுமில்லை. செவ்வாய்க் கோளின் பழைய நீர்நிலைகளை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டாகத் தேடிவருவது ஸ்ரீபெரும்புதூர் வகைப் பாறையைத்தான். தேடிப்போன இடத்தில் பல்லாவரம் வகைப் பாறை எதிர்ப்பட்டு ஏமாந்ததும் உண்டு.

‘செவ்வாயில் தண்ணீர்’ என்ற தலைப்பு நம் நாளிதழ்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. துருவப் பனியும், பாறைக்குள் கட்டுண்ட நீரும், என்றோ வற்றிய ஏரியும் அந்த ஒரே தலைப்பின் கீழ் வருவதால், ஒவ்வொரு முறையும் அதே செய்தியைத்தான் புதிதாகச் சொல்கிறார்கள் என்ற எண்ணம் வாசகருக்கு ஏற்படுவது இயல்பு. உண்மையில், செவ்வாயின் மேற்பரப்பில் ஒரு காலத்தில் நீர் ஓடியதா என்ற கேள்வியை நிலவியலாளர்கள் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள். இப்போது விவாதிக்கப்படுவது அந்த நீர் எவ்வளவு காலம் நின்றது என்பது. சில நூறு ஆண்டுகள் பெருக்கெடுத்து மறைந்த வெள்ளமா, பல லட்சம் ஆண்டுகள் வற்றாமல் கிடந்த ஏரியா என்பதைப் பொறுத்தே அக்கோளின் தட்பவெப்பம் பற்றியும், அங்கே உயிர் தோன்ற வாய்ப்பிருந்ததா என்பது பற்றியும் எதையும் சொல்ல முடியும். அதற்கான சான்று படிவுப் பாறையில் இருக்கிறது.

முதல் தடயங்கள் மேலிருந்து கிடைத்தன. 1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரைனர் 9 விண்கலம், கோளை மூடியிருந்த புழுதிப்புயல் அடங்கிய பிறகு அனுப்பிய படங்களில், கிளைகள் ஒன்றுகூடிப் பெருகும் பள்ளத்தாக்குகளும் அகன்ற வெள்ளப் பாதைகளும் தெரிந்தன. 2003இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் படங்களில் எபர்ஸ்வால்டே என்ற பள்ளத்துக்குள் விசிறிபோல் விரிந்த ஒரு டெல்டா அடையாளம் காணப்பட்டது; ஆறு வளைந்து நெளிந்து ஓடிய தடங்கள் அதில் கல்லாக இறுகி நின்றன. ஆனால் உயரத்திலிருந்து பார்க்கும்போது தெரிவது நிலத்தின் வடிவம் மட்டுமே. ஓடும் எரிமலைக் குழம்பும் வாய்க்கால் வெட்டும். காற்றும் படிவுகளை அடுக்கும். விண்கல் மோதலில் சிதறிய துகளும் அடுக்காகவே விழும்.

வடிவத்தை மட்டும் நம்புவதன் விலை 2004 ஜனவரியில் தெரிந்தது. ஸ்பிரிட் ஊர்தி இறக்கப்பட்ட குசேவ் என்ற பெரும்பள்ளத்துக்குள் பல நூறு கி.மீ. நீளமுள்ள மாஅதிம் பள்ளத்தாக்கு வந்து நுழைகிறது. வரைபடத்தைப் பார்க்கும் எவரும் அங்கே ஓர் ஏரி இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். இறங்கிப் பார்த்தபோது தரை முழுவதும் எரிமலைப் பாறையான பசால்ட்டாக இருந்தது. ஏரிப் படிவு இருந்திருந்தாலும் பிற்காலத்தில் பாய்ந்த குழம்பு அதை மூடிவிட்டது. அந்த ஊர்தி பின்னர் வெந்நீர் ஊற்றின் தடயமாகக் கருதப்படும் சிலிக்காப் படிவைக் கண்டுபிடித்தது என்பது தனிக்கதை. தேடிச்சென்ற ஏரி அங்கே கிடைக்கவில்லை.

அதே மாதத்தில் கோளின் மறுபுறம் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திக்கு யோகம் வேறு மாதிரி இருந்தது. சுமார் 22 மீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு பள்ளத்துக்குள் அது உருண்டுபோய் நின்றது. எதிரிலேயே படிவுப் பாறையின் அடுக்குகள் வெளிப்பட்டுக் கிடந்தன. சல்பேட் உப்புகள் செறிந்த அந்த மணற்பாறையில் ஹேமடைட் கனிமத்தாலான சிறு உருண்டைகள் பதிந்திருந்தன. அமில நீரில் மட்டுமே உருவாகும் ஜரோசைட்டும் இருந்தது. நிலத்தடி நீர் பாறையின் துளைகளில் ஊறி, மேலே கசிந்து, சில இடங்களில் ஆழமின்றித் தேங்கி, உலர்ந்தது என்பதே பலரும் ஏற்ற விளக்கம். ஆனால் மணலை அங்கே கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு காற்றுக்குரியது. எரிமலைச் சாம்பலாலும் விண்கல் மோதலாலும் அதே அடுக்குகளை விளக்க முயன்றவர்களும் இருந்தார்கள். அங்கே நீர் இருந்தது உண்மை. அதை ஏரி என்று சொல்ல அந்தச் சான்று போதவில்லை.

ஏரி என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் கேல் பெரும்பள்ளம். அதன் விட்டம் 154 கி.மீ.; நடுவில் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்துக்கு ஷார்ப் மலை அடுக்கடுக்காக எழுந்து நிற்கிறது. 2012 ஆகஸ்டு 6 அன்று அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, முதல் சில வாரங்களிலேயே, உடைந்து தூக்கிய நடைபாதைப் பலகை போன்ற ஒரு பாறைத் தட்டைக் கண்டது. அதில் மணலோடு சேர்ந்து இறுகியிருந்த கற்களில் பெரியவை 4 செ.மீ. அளவுக்கு இருந்தன. பல கற்களின் முனை மழுங்கி, பக்கங்கள் வழவழப்பாக உருண்டிருந்தன. நிலவியலில் காங்கிளாமரேட் எனப்படும் இத்தகைய பாறை நமக்கு வடக்கே ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேட்டுப் பகுதியிலும் உண்டு. பழைய ஆறுகள் உருட்டிவந்த கற்களின் திரள் அது.

இந்தக் கற்களை எது உருட்டியது என்பதில்தான் முழு வாதமும் அடங்கியிருக்கிறது. விண்கல் மோதலில் சிதறிய கல் என்றால், குவாரியில் உடைத்த ஜல்லியைப் போல முனை கூராக இருக்கும். காற்று மணலை வீசித் தேய்க்குமே தவிர, இந்த அளவுள்ள கல்லைத் தூக்கி உருட்டும் வலு செவ்வாயின் காற்றுக்குக் கிடையாது. அங்குள்ள வளிமண்டல அழுத்தம் நம்முடையதில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியது ஓடும் நீர் ஒன்றே. கல்லின் அளவு தெரிந்தால் அதை நகர்த்தத் தேவையான நீரோட்டத்தையும் கணக்கிடலாம். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதமே என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வுக் குழு, நீரின் வேகம் விநாடிக்கு 0.2 முதல் 0.75 மீட்டர் வரையும், ஆழம் 3 செ.மீ. முதல் 90 செ.மீ. வரையும் இருந்திருக்கலாம் என்று 2013இல் வெளியிட்டது. கணுக்கால் முதல் இடுப்பு வரை நனையும் ஓடை அது. வேறொரு கோளில், முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓடிய ஒரு நீரோட்டத்தின் ஆழத்தைக் கல்லின் உருண்டையிலிருந்து கணித்த இந்த வேலை, பின்னர் வந்த பரபரப்பான அறிவிப்புகள் பலவற்றைவிட உறுதியானது என்பது என் கருத்து.

ஆறு இருந்தால் அது எங்கோ போய்ச் சேர வேண்டும். கூழாங்கல்லை உருட்டும் ஓட்டம் தளரும்போது முதலில் கல்லும், பிறகு மணலும், கடைசியில் நின்ற நீரில் நுண்சேறும் படியும். கியூரியாசிட்டி சரிவில் இறங்கி எல்லோநைஃப் பே என்று பெயரிடப்பட்ட தாழ்வான இடத்துக்குச் சென்றபோது இந்த வரிசையின் கடைசி உறுப்பு கிடைத்தது. 2013 பிப்ரவரியில் அங்கிருந்த சேற்றுப்பாறையில் 1.6 செ.மீ. அகலமும் 6.4 செ.மீ. ஆழமும் கொண்ட துளை போடப்பட்டது. செவ்வாயின் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது அதுவே முதல் முறை. மேலே துருச்சிவப்பாகத் தெரிந்த பாறைக்குள்ளிருந்து வந்த தூள் சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளே இருந்த இரும்பு முழுதாகத் துருப்பிடிக்கவில்லை என்பதற்கு அந்த நிறமே சாட்சி. தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமங்கள். அவை உருவாகும்போது நீரில் அமிலத்தன்மையும் உப்பும் அதிகம் இருக்கவில்லை. மெரிடியானியின் புளித்த நீரோடு ஒப்பிட்டால் இது குடிநீருக்குப் பக்கத்தில் வரும்.

ஷார்ப் மலையை நோக்கிச் செல்லும் வழியில் இன்னொரு விநோதம் தென்பட்டது. மணற்பாறை அடுக்குகள் மலையின் பக்கமாகச் சரிந்திருந்தன. டெல்டாவின் முகப்பில் ஆறு கொட்டும் மணல், ஏரியின் ஆழத்தை நோக்கித்தான் சரிந்து படியும். அப்படியானால் ஏரியின் ஆழமான பகுதி, இப்போது மலை நிற்கும் திசையில் இருந்திருக்க வேண்டும். பள்ளம் முதலில் படிவுகளால் நிரம்பியது. பிற்காலத்தில் காற்று ஓரங்களை அரித்துக் கொண்டுபோக, நடுவில் எஞ்சியதே மலையாக நிற்கிறது. ஏரி நின்ற நாளில் மலையின் பெரும்பகுதி அங்கே இல்லை. நிலத்தின் இன்றைய வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால், மலையிலிருந்து நீர் வழிந்து பள்ளத்துக்கு வந்தது என்று தலைகீழாக எழுதியிருப்போம்.

2014இல் மலையின் அடிவாரத்தை அடைந்ததும் மர்ரி எனப் பெயரிடப்பட்ட பாறைத் தொகுதி தொடங்கியது. அதில் பெரும்பகுதி நுண்சேற்றுப் பாறை. அதன் ஏடுகள் பல இடங்களில் சில மி.மீ. தடிமனே உடையவை. ஆற்று நீர் கொண்டுவந்த சேற்றுமேகம் ஏரியின் அடியில் அடங்குவதும், பிறகு அடுத்த வரவுக்காக நீர் தெளிந்து நிற்பதும் மாறி மாறி நடந்தால் மட்டுமே இத்தகைய ஏடுகள் உண்டாகும். ஊர்தி ஏற ஏறச் சேற்றுப்பாறை தொடர்ந்தது; அதன் மொத்தத் தடிமன் 300 மீட்டரைத் தாண்டியது. ஓர் ஏரி ஒரே மூச்சில் அத்தனை காலம் நின்றது என்று இதற்குப் பொருளல்ல. ஏரிகள் நிரம்பியும் வற்றியும் மீண்டும் நிரம்பியும் வந்தன. நடுவே நிலத்தடி நீர் மட்டும் தொடர்ந்து இருந்திருக்கலாம்.

தடிமனைக் காலமாக மாற்றுவது எளிதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீட்டுக்குள் படிந்த சேற்றை வாரி வெளியே கொட்டியவர்களுக்கு, ஒரே இரவில் எவ்வளவு படியும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அளவுச் சேறு ஓர் அமைதியான ஏரியின் நடுவே படிய நூற்றாண்டுகள் ஆகலாம். ஆகவே எத்தனை மீட்டர் என்பதைவிட எப்படிப்பட்ட ஏடுகள் என்பதே முக்கியம். வெள்ளச் சேறு கனமாக, கீழே பருமணலும் மேலே நுண்துகளுமாக ஒரே தொகுப்பாக விழும். ஏரிச் சேறு சீரான மெல்லிய ஏடுகளாகப் படியும். இந்த வேறுபாட்டையும் பூமியின் ஏரிகளில் அளந்த படிவு வேகங்களையும் வைத்துத்தான் கேல் பள்ளத்து நீர்நிலைகளுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முதல் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் வரை மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு விரிந்த இடைவெளியே இத்துறையின் இன்றைய நிலைமையைக் காட்டுகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது. கியூரியாசிட்டி அளந்த வேதித் தரவுகளை மீண்டும் ஆராய்ந்த ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படிவுகளில் பெரும்பகுதி காற்றில் வந்து விழுந்த துகள்களே என்றும், அவை மழையாலோ உருகிய பனியாலோ நனைந்து வேதிமாற்றம் அடைந்தன என்றும், ஏரிகள் சிறியவையாகவும் ஆழமற்றவையாகவுமே இருந்தன என்றும் 2021இல் எழுதினார்கள். பெரும்பாலானோர் இதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் ஒரே பாறையின் வேதியியல் ஒன்றைச் சொல்ல, அதன் ஏடுகளின் அமைப்பு வேறொன்றைச் சொல்லும் நிலை வரும்போது எதை நம்புவது என்ற கேள்வியை அது சரியாகவே எழுப்பியது. நான் ஏடுகளின் பக்கம். துகள்களின் வேதியியல் பிற்காலத்தில் பாறைக்குள் ஊறிய நீரால் மாறிவிடக்கூடும். அவை எப்படி விழுந்து படிந்தன என்ற தடம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

2022இல் கிடைத்த அலைத்தடங்கள் இந்த விவாதத்தில் எடைமிக்கவை. காற்றோ ஒருதிசை நீரோட்டமோ மணலில் வரையும் வரிகளின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். கரையோர ஆழமற்ற நீரில் அலை முன்னும் பின்னும் ஆடும்போது உண்டாகும் வரிகளுக்கு இரு பக்கமும் ஒரே சாய்வு. கேல் பள்ளத்தில் கண்ட வரிகள் இரண்டாம் வகை. உயரம் சுமார் 6 மி.மீ., இரண்டு முகடுகளுக்கிடையே 4 முதல் 5 செ.மீ.; இந்த அளவுகளிலிருந்து, நீரின் ஆழம் 2 மீட்டருக்கும் குறைவு என்று கணக்கிட்ட ஆய்வு 2025இல் வெளிவந்தது. அவற்றின் வயது சுமார் 370 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. காற்று அலையை எழுப்ப வேண்டுமானால் நீர்ப்பரப்பு திறந்திருக்க வேண்டும். பனிக்கட்டி மூடிய ஏரியில் அலை கிடையாது.

இதன் தாக்கம் பெரிது. அக்காலத்தில் சூரியனின் ஒளி இன்றைய அளவில் நான்கில் மூன்று பங்கு மட்டுமே. செவ்வாயோ சூரியனிலிருந்து நம்மைவிட ஒன்றரை மடங்கு தள்ளியிருக்கிறது. தட்பவெப்ப மாதிரிகளைக் கணினியில் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கோளை நீர் உறையாத அளவுக்குச் சூடாக்குவது இன்றுவரை தலைவலியாகவே இருக்கிறது. எனவே ஏரிகள் பனிமூடியின் அடியில்தான் இருந்தன என்று சொல்லிச் சமாளிக்கும் வழியைப் பலர் விரும்பினார்கள். அந்த வழியை, குறைந்தபட்சம் இந்த ஓர் ஏரியைப் பொறுத்தவரை, 6 மி.மீ. உயரமுள்ள மணல்வரிகள் அடைத்துவிட்டன. சற்றுக் கீழேயுள்ள அடுக்கு ஒன்றில் கண்ட அறுகோண வெடிப்புகளும் சேர்த்துப் பார்க்கத்தக்கவை. சேறு முதல்முறை காயும்போது வெடிப்புகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் முட்டி நிற்கும். நனைந்து காய்வது பலமுறை நடந்தால் மட்டுமே சந்திப்புகள் மும்முனையாகி அறுகோண வலை உண்டாகும். பருவம் மாறி மாறி வந்து போன நிலம் அது என்று 2023இல் அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

ஜெசிரோ பெரும்பள்ளத்தில் கதை வேறு வரிசையில் நடந்தது. 45 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளத்துக்குள் ஓர் ஆறு நுழைந்த இடத்தில் டெல்டா இருப்பது மேலிருந்து எடுத்த படங்களில் முன்பே தெளிவாகத் தெரிந்திருந்ததால்தான் 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி அங்கே இறக்கப்பட்டது. இறங்கிய தரையைச் சுரண்டிப் பார்த்தபோது ஏரிச் சேறு இல்லை. குசேவில் நடந்தது போலவே எரிமலைக் குழம்பும், ஆலிவின் என்ற கனிமம் செறிந்த, நிலத்தடியில் குழம்பு இறுகி உண்டான ஆழ்பாறையும் இருந்தன. ஆனால் இம்முறை டெல்டா கைவிடவில்லை. 2 கி.மீ.க்கு அப்பால் தனித்து நின்ற கோடியாக் என்ற குன்றை ஊர்தியின் தொலைநோக்கிக் கேமரா படம் பிடித்தது. அதன் முகப்பில் கிடைமட்ட அடுக்குகளும், அவற்றுக்குக் கீழே சரிவான அடுக்குகளும், அடியில் மீண்டும் கிடைமட்ட அடுக்குகளுமாக மூன்று தொகுதிகள் தெரிந்தன. ஆறு நின்ற நீரில் கலக்கும் இடத்தில் மட்டுமே இந்த மூன்றடுக்கு அமைப்பு உண்டாகும். சரிவடுக்குகள் முடியும் உயரம்தான் அன்றைய நீர்மட்டம். அது, பள்ளத்தின் மறுகரையில் நீர் வழிந்தோடிய வாயின் உயரத்தைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆகவே அந்தக் கட்டத்தில் ஏரிக்கு நீர் வந்ததே தவிர, வெளியேற வழியில்லை.

டெல்டாவின் உச்சியில் வேறொரு காட்சி. மெல்லிய மணலடுக்குகளின் மேல் 1.5 மீட்டர் வரை விட்டமுள்ள பாறாங்கற்கள் கிடக்கின்றன. அவற்றை நகர்த்த மணிக்கு 6 முதல் 30 கி.மீ. வேகத்தில் பாயும் வெள்ளம் வேண்டும். அமைதியாகச் சேறு கொண்டுவந்த ஆறு எப்படிச் சீறும் வெள்ளமாக மாறியது, மழையின் போக்கு மாறியதா, மேலே தேங்கிய பனி உருகிக் கரை உடைத்ததா என்பதற்குத் தீர்ந்த விடை இல்லை. ஒரே பள்ளத்தின் ஆயுளில் தட்பவெப்பம் நிலையாக இருக்கவில்லை என்பது மட்டும் கல்லின் அளவிலேயே தெரிகிறது.

நமது மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று, சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டுக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதன் வண்ணக் கேமரா எடுத்த முழுக்கோளப் படங்கள் அழகானவை. இருப்பினும் மி.மீ. ஏடும் செ.மீ. கூழாங்கல்லும் சாட்சி சொல்லும் இந்த வழக்கில், சுற்றுக்கலம் எதற்கும் ஓர் எல்லைக்கு மேல் இடமில்லை. தரையில் இறங்கியே ஆகவேண்டும்.

பூமியில் இதே வயதுள்ள படிவுகள் அரிதினும் அரிது. கிரீன்லாந்தின் இசுவா போன்ற சில இடங்களில் 370 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகள் எஞ்சியிருந்தாலும், நிலத்தட்டுகளின் நகர்வில் அவை வெந்து மடிந்து உருமாறிவிட்டன. செவ்வாயில் நிலத்தட்டு நகர்வு இல்லாததால் அந்தக் காலத்துச் சேறு ஏடு கலையாமல் அப்படியே கிடக்கிறது. 2024 ஜூலையில் ஜெசிரோவுக்கு நீர் கொண்டுவந்த பள்ளத்தாக்கில் மாதிரி எடுக்கப்பட்ட சேற்றுப்பாறையில், கரிமப் பொருளோடு இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் புள்ளி புள்ளியாகச் சேர்ந்திருப்பது உயிரின் தடயமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு கவனத்தை ஈர்த்தது. உயிரில்லாமலும் அவை உருவாக வழியுண்டு என்பதை அந்த ஆய்வே கூறுகிறது. தலைப்புச் செய்திகளில் அந்த வாக்கியம் காணாமல் போயிற்று.

கால அளவைப் பொறுத்தவரை, பாறையின் வயதை நேரடியாக அளக்கும் முயற்சியைக் கியூரியாசிட்டி 2013இலேயே செய்து காட்டியது. எல்லோநைஃப் பே சேற்றுப்பாறையில் பொட்டாசியத்தையும் ஆர்கானையும் அளந்து 421 கோடி ஆண்டுகள் என்ற வயதை அது தந்தது. 35 கோடி ஆண்டுகள் முன்பின் இருக்கலாம். ஆனால் அந்த எண் சேறு படிந்த நாளைக் குறிப்பதன்று. மேட்டிலிருந்து அரித்து வரப்பட்ட துகள்கள் எப்போது பாறையாகப் பிறந்தன என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. ஏரியின் காலத்தைக் கட்ட வேண்டுமானால், அதற்கு முன் ஓடிய குழம்பின் வயதும், பின் ஓடிய குழம்பின் வயதும் அல்லது சேற்றுக்குள்ளேயே உருவான கனிமத்தின் வயதும் தேவை. ஜெசிரோவில் இதற்கு வழியிருக்கிறது. 2021 செப்டம்பரில் தரையின் எரிமலைப் பாறையிலிருந்து இரண்டு மாதிரிகளும், மறு ஆண்டில் டெல்டாவின் படிவுகளிலிருந்து மேலும் சிலவும் எடுக்கப்பட்டுக் குழாய்களில் அடைக்கப்பட்டன. 2023 ஜனவரிக்குள் 10 குழாய்கள் தரையிலேயே ஓரிடத்தில் அடுக்கிவைக்கப்பட்டுவிட்டன. மற்றவை ஊர்தியின் வயிற்றில் இருக்கின்றன. குழம்பின் வயது தெரிந்தால், அதன் மேல் படிந்த டெல்டா அதைவிட மூத்ததாக இருக்க முடியாது என்ற மேல்வரம்பு கிடைக்கும். அந்த அளவீட்டைத் துல்லியமாகச் செய்யும் கருவிகள் பூமியின் ஆய்வகங்களில் உள்ளன. அக்குழாய்களை இங்கே கொண்டுவரும் திட்டமோ செலவுக் கணக்கில் சிக்கி முடங்கியிருக்கிறது.